பட்டாணிக்குத் தைத்த கோட்டு

போன வாரம் காலை 6 மணிக்குக் கதவைத் திறந்தபோது முற்றத்துப் புல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. இந்த வருடத்தின் முதல் உறைபனி. என் நாய் பட்டாணி வாசல்படியில் நின்று ஒரு முன்னங்காலை மட்டும் புல்லில் வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான், அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தேன். அவனே தலையை நீட்டினான்.

அவன் அப்படித் தலையை நீட்டுவதற்கு எனக்கு மூன்று குளிர்காலம் ஆகியிருக்கிறது. முதல் வருடம் வாங்கிப் போட்டது சரிவரவில்லை, இரண்டாம் வருடம் நானே தைத்தது அவனைப் புண்ணாக்கியது, மூன்றாவதுதான் சரியாக வந்தது. வீட்டில் குட்டையான நாய் வைத்துக்கொண்டு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குளிரில் இருக்கிறவர்களுக்கு உதவுமே என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். தையல் மெஷினை நேராக ஓட்டத் தெரிந்தால் போதும், பெரிய வேலைப்பாடு எதுவும் இல்லை.

பட்டாணி டாஷ்ஹண்ட். 11 வயது, 8 கிலோ. நீளமான உடம்பு, குட்டைக் கால், குட்டை ரோமம். அவன் வயிற்றுக்கும் தரைக்கும் நான்கு விரல் இடைவெளிதான் இருக்கும். சின்ன வயதில் குளிரைச் சட்டையே செய்யாமல் திரிந்தவன், 8 வயதில் ஒரு ஜனவரி மாதம் காலையில் வெளியே போய்வந்தால் அரை மணி நேரம் நடுங்க ஆரம்பித்தான். வால் காலுக்கு நடுவே போய்விடும், முதுகு வளைந்து நிற்கும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நாய்க்குச் சாதாரணமாகவே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உடம்புச் சூடு இருக்கும், அதாவது நம்மைவிட அதிகம். அந்தச் சூட்டைத் தக்கவைக்கச் சின்ன உடம்பு ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கிறது. டம்ளரில் இருக்கிற காப்பி சீக்கிரம் ஆறிவிடும், அண்டாவில் இருக்கிற வெந்நீர் மெதுவாகத்தான் ஆறும், அதே கதைதான். அதோடு வயதும் ரோமக் குறைவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கடையில் போய் அவனுக்கு ஒரு கோட்டு வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சிவப்புத் துணி, கழுத்தில் ஒரு பட்டை, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பட்டை. முதுகு மட்டும் மூடியிருக்கும், கீழே முழுக்கத் திறந்திருக்கும். போட்டுக்கொண்டு போனான், அதே மாதிரி நடுங்கிக்கொண்டுதான் வந்தான்.

அன்றைக்கு அவனைத் துடைத்துவிட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. துண்டு நனைந்தது முழுக்க வயிற்றுப் பக்கத்தில். முதுகு காய்ந்தே இருந்தது. நெஞ்சும் வயிறும் தொப்பலாக நனைந்து, தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. முதுகில் ரோமம் இருக்கிறது, வயிற்றில் கிட்டத்தட்ட வெறும் தோல்தான். ஊட்டியில் உறைபனி விழுகிற நாட்களில் வானம் சுத்தமாக இருக்கும், காற்றும் இருக்காது, ராத்திரி முழுக்கத் தரை தன் சூட்டை மேலே விட்டுவிடும். அதனால் பனி உறைவது புல்லின் மேல்தான், அதுவும் பள்ளமான இடத்தில்தான் முதலில். நம் முட்டிக்கு மேலே இருக்கிற குளிர் வேறு, புல்லுக்கு நான்கு விரல் மேலே இருக்கிற குளிர் வேறு. இவனோ அந்தப் புல்லில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறவன்.

குட்டை நாய்க்குக் கோட்டு என்றால் வயிற்றை மூட வேண்டும். முதுகு அதற்கு அப்புறம்தான். கடையில் கிடைக்கிற பலதும் தலைகீழாக இருக்கின்றன, முதுகை அலங்காரம் செய்துவிட்டு வயிற்றுக்கு ஒரு பட்டையோடு விட்டுவிடுகிறார்கள். நாமே தைப்பதில் இருக்கிற முழு லாபமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டாம் வருடம் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அம்மாவுடைய பழைய கால்மிதி மெஷின். வீட்டில் கிடந்த பருத்திப் போர்வையை வெட்டி இரண்டு மடிப்பாகத் தைத்தேன். கதகதப்பாகத்தான் இருந்தது, நனைகிற வரைக்கும். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு விடவே விடாது, பத்தே நிமிடத்தில் ஈரத்துணியை அவன் வயிற்றில் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதைவிட மோசம், முன்னங்கால் அக்குளில் நான் மடித்துத் தைத்த ஓரம் கயிறு மாதிரி தடித்துப்போய், நான்கு நாளில் இரண்டு பக்கமும் தோல் சிவந்து ரோமம் கொட்டிவிட்டது. அவன் ஒரு சத்தம் போடவில்லை. சாயங்காலம் சோபாவில் மல்லாந்து படுத்தபோதுதான் பார்த்தேன். மருந்து போட்டு ஆற இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் அவன் மேல் எதையும் போடவில்லை, வெயில் ஏறின பிறகுதான் வெளியே விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்கி உள்ளே கையை விட்டு, அக்குள் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தார்.

“எப்படிக் கண்ணு அளவெடுத்த?”

“படுத்திருக்கும்போது எடுத்தேன்க்கா, நின்னா ஆடறான்.”

“நமக்கு யாராவது படுக்க வெச்சு ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பாங்களா? நிக்க வெச்சு எடு. அவன் தலையைத் தூக்கிட்டு நிக்கையில ஒரு தடவை, குனிஞ்சு மோந்து பாக்கையில ஒரு தடவை. ரெண்டுல எது பெருசோ அது.”

இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாய் குனிந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அளவு மாறிவிடுகிறது, நின்ற அளவுக்கு இறுக்கமாகத் தைத்தால் மோப்பம் பிடிக்கக் குனியும்போது தொண்டையில் அழுத்தும்.

சரி, அளவுக்கு வருவோம். எல்லாம் இஞ்ச் கணக்கு. கழுத்தின் அடியைச் சுற்றி ஒன்று, அதாவது கழுத்துப்பட்டை இருக்கிற இடத்தில் இல்லை, அதற்கும் கீழே தோளோடு சேரும் இடத்தில். பட்டாணிக்கு 13. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூடு ரொம்பப் பருமனாக இருக்கும் இடத்தைச் சுற்றி ஒன்று, அது 20. கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம், 17. இது வரைக்கும் எல்லாரும் எடுப்பார்கள். விட்டுப்போவது இரண்டு அளவு: முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற அகலம், இவனுக்கு 4 இஞ்ச்; அப்புறம் கழுத்துக் குழியிலிருந்து கால்களுக்கு நடுவே போய் வயிற்றில் எந்த இடம் வரைக்கும் துணி போகலாம் என்பது. ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் போகும் இடத்துக்கு 2 அல்லது 3 இஞ்ச் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே நனைத்துவிடும், நாமும் தினம் துவைக்க வேண்டியிருக்கும். பட்டாணிக்கு அது 13. பெண் நாயாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் வரை தாராளமாக விடலாம்.

துணி திருப்பூரிலிருந்து வந்தது. என் நாத்தனார் அங்கே இருக்கிறாள், காதர்பேட்டை பக்கம் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய துணி மலை மாதிரி கிடைக்கும், அவளிடம் போலார் ஃபிளீஸ் கட்பீஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் அனுப்பிய பையைப் பிரித்தபோது சாம்பல், கருநீலம், ஒரு குழந்தை ஸ்வெட்டருக்கு வெட்டின மஞ்சள் எல்லாம் இருந்தன. ஃபிளீஸ் பாலியெஸ்டர் துணி, தண்ணீரை உறிஞ்சாது, நனைந்தாலும் உதறினால் பாதி போய்விடும், அடுப்படியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொரு பெரிய வசதி, வெட்டின ஓரத்தில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கவே தேவையில்லை என்பது அக்குளுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். மடிப்பு இல்லை, தடிப்பு இல்லை, உரசல் இல்லை.

ஆனால் ஃபிளீஸ் வழியாகக் காற்று போகும், தூறலும் உள்ளே இறங்கிவிடும். மேலே ஒரு துணி வேண்டும். முதலில் உடைந்த குடையைப் பிரித்துப் பார்த்தேன். குடைத்துணி லேசானது, தண்ணீர் நிற்காது, ஆனால் அது முக்கோண முக்கோணமாக எட்டுத் துண்டு. முதுகு அளவுக்கு இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டும், சேர்த்த தையல் சரியாக முதுகெலும்புக்கு மேலே வந்துவிடுகிறது, ஊசி போன ஓட்டை வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் அதை விட்டுவிட்டு, ஜிப் போன ஒரு பழைய மழைக்கோட்டின் முதுகுப் பக்கத்தை வெட்டிக்கொண்டேன். ஒரே துண்டு, நடுவில் தையல் இல்லை. வயிற்றுப் பக்கத்துக்கும் அதன் கைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டேன்.

மாதிரியை முதலில் செய்தித்தாளில் வெட்ட வேண்டும். நேராகத் துணியில் கை வைக்க வேண்டாம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பு முதுகெலும்பு என்று வைத்துக்கொண்டு பாதி மட்டும் வரைய வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இரண்டே துண்டுதான். முதுகுத் துண்டு 16 இஞ்ச் நீளம், 14 இஞ்ச் அகலம், கழுத்துப் பக்கம் அரைவட்டமாகக் குடைந்து, குடைவின் இரண்டு முனையும் முன்பக்கமாகத் தோளுக்கு நீண்டு வர வேண்டும். வயிற்றுத் துண்டு 13 இஞ்ச் நீளம், கழுத்துக் கிட்டே 6 இஞ்ச் அகலத்தில் தொடங்கி, முன்னங்காலுக்கு நடுவே மூன்றரை இஞ்சாக ஒடுங்கி, அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்து மொத்தம் 14 இஞ்ச் ஆகிவிடும். இந்தச் சிறகுகள் விலாவில் மேலே ஏறி வந்து முதுகுத் துண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். முன்னங்கால்களுக்கு ஓட்டை வேண்டாம், கை வேண்டாம். டாஷ்ஹண்டுக்கு முதுகுத் தண்டில் பிரச்சினை வருவது அதிகம், காலைத் தூக்கி ஓட்டைக்குள் விடுகிற வேலையே அவனுக்கு ஆகாது. தலையை மட்டும் நுழைத்தால் வயிற்றுத் துண்டு தானாகக் கால்களுக்கு நடுவே தொங்கும், அதைப் பின்னால் இழுத்து இரண்டு சிறகையும் மேலே ஒட்டினால் முடிந்தது.

தாளை அப்படியே செல்லோடேப் வைத்து ஒட்டி அவனுக்குப் போட்டுப் பார்த்தேன். சரசரவென்று சத்தம் வந்ததில் முதலில் பயந்துபோய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான். அடுத்த நாள் தாளுக்குப் பதில் பழைய பனியன் துணியில் வெட்டிப் போட்டுப் பார்த்தேன், பேசாமல் நின்றான். அக்குளைச் சுற்றி என் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், அவன் நடக்கும்போது முட்டி துணியில் இடிக்கக் கூடாது. பனியன் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு அரை இஞ்ச் இன்னும் குடைந்தேன். இந்த ஒரு நாள் வேலையை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

துணியை வெட்டும்போது ஃபிளீஸை ஒரு தடவை குறுக்கே இழுத்துப் பாருங்கள். வெட்டின ஓரம் எந்தப் பக்கமாகச் சுருண்டுகொள்கிறதோ அது உள்பக்கம். அதிகமாக நீள்கிற திசை நாயின் உடம்பைச் சுற்றி வரட்டும், முதுகு நீளத்துக்கு வரக் கூடாது, வந்தால் ஒரு மாதத்தில் தொங்கிப்போய்விடும். மழைக்கோட்டுத் துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் துணி காயப்போடுகிற கிளிப் போட்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். ஊசி 14-ஆம் நம்பர், பனியன் துணிக்குப் போடுகிற முனை மழுங்கிய ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. தையல் கொஞ்சம் நீளம் நீளமாக விழட்டும். துணியைப் பின்னால் இருந்து இழுத்துவிடாதீர்கள், இழுத்தால் ஓரம் அப்பளம் மாதிரி அலைஅலையாகிவிடும். தைத்து முடித்ததும் பாபின் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஃபிளீஸ் பிசிறு பஞ்சுமூட்டை மாதிரி அடைத்திருக்கும், தூரிகையால் தட்டிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், சூடு பட்டால் உருகிவிடும்.

மழைத்துணியை ஃபிளீஸின் ஓரத்திலிருந்து முக்கால் இஞ்ச் உள்ளே தள்ளியே நிறுத்தித் தைத்தேன். அப்போது அவன் தோலைத் தொடுகிற ஓரம் எல்லாமே மெத்தென்ற ஃபிளீஸாக இருக்கும். அக்குள் வளைவில் தையலே இல்லை. தோள் இரண்டிலும் துண்டுகளைச் சேர்த்தபின் கழுத்துக்கு ஒரு ரிப் பட்டை, டீ-ஷர்ட் கழுத்தில் வருமே அந்தத் துணி. 12 இஞ்சுக்கு வெட்டி 13 இஞ்ச் கழுத்துக்கு லேசாக இழுத்துத் தைத்தால், தலை நுழையும்போது விரிந்து அப்புறம் கழுத்தோடு உட்கார்ந்துகொள்ளும்.

சிறகை ஒட்டவும் பிரிக்கவும் வெல்க்ரோ பட்டை, அதில் ஒரு கவனம். சொரசொரப்பான பக்கம் ஃபிளீஸையும் ரோமத்தையும் பிடித்து இழுக்கும். மென்மையான பட்டையை முதுகுத் துண்டின் மேல் 5 இஞ்ச் நீளத்துக்குத் தைத்துவிட்டு, சொரசொரப்பை 2 இஞ்ச் மட்டும் சிறகின் நுனியில் உள்பக்கமாக வையுங்கள். எங்கே ஒட்டினாலும் சொரசொரப்பு வெளியே தெரியாது, சாப்பிட்டு வயிறு நிறைந்த நாளில் தளர்த்தியும் ஒட்டலாம். பட்டன் வேண்டவே வேண்டாம், பிய்த்து விழுங்கிவிட்டால் அது வேறு வினை. வெல்க்ரோ பிரிக்கிற சத்தம் சில நாய்க்குப் பிடிக்காது. பட்டாணிக்கு ஒரு வாரம், ஒரு தடவை பிரிப்பது, ஒரு துண்டு வேகவைத்த கேரட் கொடுப்பது என்று பழக்கினேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே சமையலறைப் பக்கம் பார்க்கிறான்.

கோட்டைப் போட்டுவிடுகிற நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ராத்திரி உறைபனி விழுந்தாலும் காலை 10 மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் 6 மணிக்குப் போட்டால் 9 மணிக்குக் கழற்றிவிடுகிறேன். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினால் உடனே கழற்ற வேண்டும். ராத்திரி தூங்கும்போது போடுவதில்லை, கம்பளி விரித்த படுக்கை இருக்கிறது, அவனே சுருண்டு மூக்கை வாலில் வைத்துக்கொள்வான். நனைந்த கோட்டோடு ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. கோட்டுதான் இருக்கிறதே என்று ராத்திரியில் நாயை வெளியே கட்டிவைக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். குளிர் ஒரு பக்கம், நீலகிரியில் சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

எல்லா நாய்க்கும் கோட்டு தேவையும் இல்லை. மேல் வீட்டுப் பாட்டி அவருடைய பொமரேனியனுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார். “அவனுக்குக் கடவுளே ரெண்டு கோட்டு போட்டு அனுப்பியிருக்கார் பாட்டி” என்று சொல்லி ரோமத்தை விலக்கிக் காட்டினேன். மேலே நீள ரோமம், அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு ரோமம். அதன் மேல் துணியைப் போட்டால் ரோமம் சிக்குப்பிடித்து அமுங்கி, இருக்கிற கதகதப்பும் போய்விடும். பக், மினியேச்சர் பின்ஷர், சிவாவா, டாஷ்ஹண்ட், வயதான நாய், நோயில் மொட்டையடித்த நாய், இவைதான் நடுங்கும்.

இரண்டு மூன்று கிலோ இருக்கிற குட்டிகளுக்கு இவ்வளவு வேலைகூட வேண்டாம். தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்கிறார்களே, அதில் பழசாகிப்போன பெரியவர் ஸ்வெட்டரின் கையை வெட்டுங்கள். மணிக்கட்டுப் பக்கம் குட்டியின் கழுத்து. முன்னங்காலுக்கு இரண்டு சின்ன ஓட்டை வெட்டி, பின்னல் பிரியாமல் ஊசிநூலால் சுற்றித் தைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் ஒரு ஸ்வெட்டர். கம்பளி என்றால் நல்லது, கொஞ்சம் ஈரமானாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். போன வருடம் தேயிலைத் தோட்டத்துச் சுமைதூக்கும் அண்ணன் ஒருவர் தாய் இல்லாத குட்டி ஒன்றை எடுத்துவந்து வளர்த்தார், அதற்கு இப்படித்தான் மஞ்சள் நிறத்தில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குள் கண் முன்னால் இருக்கிற குட்டிக்கு மட்டும்தான் இது. தெருநாய்க்குப் போட்டுவிட்டு வந்துவிட்டால் அது நனைந்து, வேலிக்கம்பியில் மாட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் கோணியை மடித்து மழை படாத திண்ணையில் போடுவதுதான் சரி.

துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளியில் இருக்கிற எல்லாத் துணியையும் பிடித்துக்கொள்ளும். மிதமான சோப்பு போதும், நன்றாக அலச வேண்டும்.

இந்த வருடம் கோட்டை எடுத்துப் போட்டுவிட்டபோது விலாப் பக்கம் தொளதொளவென்று இருந்தது. துணி தளர்ந்துவிட்டதோ என்று நினைத்து மாதிரித் தாளோடு வைத்துப் பார்த்தேன், துணி அப்படியேதான் இருந்தது. இஞ்ச் டேப்பை எடுத்து அவனை நிற்க வைத்துச் சுற்றினேன். 19. தாளின் ஓரத்தில் 20 என்று எழுதியிருந்ததற்குக் கீழே பென்சிலில் 19 என்று எழுதித் தேதி போட்டேன். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நாத்தனார் அனுப்பியதில் கருநீலம் இன்னும் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு அதில் வெட்டலாம் என்று எடுத்து வைத்தேன், இப்போது அதன் மேல்தான் ஏறிப் படுத்திருக்கிறான்.